இரண்டாவது சிவப்பு அட்டை

மிருகக்காட்சி சாலையில் எங்கள் கட்டிடத்துக்கு மூன்று அறைகள்: மணல், புல், பனி. மணல் என் பொறுப்பு. பனி என் அக்கா புருஷனுடையது. பனி நரிகளும், குளிர்நாட்டில் தரையோடு வளரும் குட்டை வில்லோச் செடிகளும் அவர் பிள்ளைகள். நடுவில் புல்லறை. அதைப் பார்த்துக்கொள்பவளை அணில்காரி என்போம். வளை தோண்டும் தரை அணில்கள் அவளிடம். காலையில் முதலில் வந்து மூன்று அறைகளையும் ஒரு சுற்றுப் பார்ப்பவளும் அவள்தான்.

மணலறையில் பகல்தான் இரவு. பாலைவன உயிர்கள் இருட்டினால்தான் வெளியே வரும். டிக்கெட் வாங்கியவர்களோ பகலில் வருவார்கள். அதனால் காலை எட்டு மணிக்கு வெள்ளை விளக்கை அணைத்துச் சிவப்பு விளக்கைப் போடுவோம். அதற்குள் மணலைப் பல்வைத்த வாருகோலால் வாரிச் சமன்செய்துவிட வேண்டும்.

வாருவதற்கு முன் இரண்டு கொம்பு விரியன்களையும் டப்பாக்களில் அடைக்க வேண்டும். மூடியைத் திறந்து பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு அட்டையைக் கதவில் மாட்ட வேண்டும். இரண்டு அட்டை தொங்கினால் இறங்கலாம்.

அன்று ஒன்றை நானே கொக்கியால் தூக்கி அடைத்தேன். மற்றது சட்டை உரிப்பதற்காக இரண்டு நாளாக டப்பாவில் இருந்தது. மங்கிய பிளாஸ்டிக் வழியே சுருள் தெரிந்தது. திறந்து பார்க்கச் சோம்பல். இரண்டாவது அட்டையையும் மாட்டினேன்.

காய்ந்த புதர்களைப் பிடுங்கி மணல் வார மாமா வந்தார், பனியறைக்கான ரோம பூட்ஸோடு.

"என்ன மாப்ள, அடுப்புக்குள்ள குடித்தனமா?" பூட்ஸைக் கழற்றிக் கதவோரம் வைத்தார். வெறுங்காலோடு இறங்கினார்.

"உங்க ஐஸ் பெட்டிக்கு இது தேவலை மாமா."

அவர் பாதி வாரியிருந்தபோது டப்பாக்களை நகர்த்தப் போனேன். முதலாவது கனத்தது. இரண்டாவது கையோடு வந்துவிட்டது. திறந்தேன். வெறும் சட்டை. செய்த வேலையை எழுதிவைக்கும் சுவர்ப் பலகையை அப்போதுதான் படித்தேன். அணில்காரியின் கையெழுத்து: 'உரித்துவிட்டது. ஏழு மணிக்கு மணலில் விட்டேன்.'

"மாமா, அசையாதீங்க."

"ஏன், போட்டோ எடுக்கப் போறியா?"

"ஒண்ணு உள்ள இருக்கு."

அவர் சிரிப்பு நின்றது. "அட்டை ரெண்டு தொங்குதேடா."

கொக்கியையும் கைவிளக்கையும் எடுத்தேன். விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரம் ஆகும்.

மேலிருந்து விழும் வெள்ளை வெளிச்சத்தில் தடம் தெரியாது. கைவிளக்கைத் தரையோடு படுக்கவைத்தேன். முதலில் வண்டுகளின் புள்ளிகள். அப்புறம் சாய்ந்த கோடுகள், ஒன்றையொன்று தொடாமல், ஏணிப்படி மாதிரி. பக்கவாட்டில் நகரும் விரியன் மட்டும்தான் அப்படி எழுதும்.

கோடுகள் அவர் வாரிய வரிகளின் மேலேறிப் போயிருந்தன. அப்படியென்றால் சற்று முன்புதான், அவர் முதுகுக்குப் பின்னால்.

கடைசிக் கோடு அவருடைய இடது குதிகாலுக்கு ஒரு சாண் தள்ளி முடிந்தது. அங்கே மணலுக்கு மேல் இரண்டு கொம்புகள், இரண்டு கண்கள்.

"எங்கடா?"

"பின்னால. இடது கால்."

"அந்தக் கால்தான் மரத்துப்போச்சு."

"மரத்தாலும் நில்லுங்க."

கொக்கியை நீட்டினேன். ரம்பம் அறுப்பதுபோல் சத்தம் எழுந்தது.

"அது என் பல்லா?"

"செதிலை உரசுது. பேசாதீங்க."

அவர் கெண்டைக்கால் துடிப்பது தெரிந்தது. கொக்கியை மணலுக்கடியில் செருகித் தூக்கினேன். அது காற்றில் ஒருமுறை கொத்தியது. டப்பா. மூடி. தாழ்.

மாமா அப்படியே உட்கார்ந்தார்.

"ரெண்டாவது அட்டையை யார் மாட்டினது?"

"நான்தான்."

"தெறந்து பாத்தியா?"

"இல்ல."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து, நொண்டிக்கொண்டே போய், அட்டைகள் இரண்டையும் கழற்றினார். ஒவ்வொரு டப்பாவாக மூடியைக் கொஞ்சம் தூக்கி உள்ளே பார்த்தார். அட்டைகளை மறுபடி மாட்டினார். பூட்ஸைத் தட்டிவிட்டு மாட்டிக்கொண்டார். வாருகோலை என்னிடம் நீட்டினார்.

"மீதியை நீ வாரு. வெறுங்காலோட."

செருப்பைக் கழற்றினேன். இரண்டும் டப்பாவில் இருப்பதை நானும் பார்த்திருந்தேன். இருந்தும் முதல் அடி வைக்க வெகுநேரம் ஆயிற்று.