ஒரு மணிக்குள் வரவேண்டியது

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. நெஞ்சு ஆபரேஷன் முடிந்த மறுநாள் ஒருவர் சொன்ன பொய். கேள்விப்பட்டபோது சிரித்தேன். எழுத உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

முதல் வரிகளை அடித்துக்கொண்டே வந்தேன்:

"மனித உடல் என்பது ஒரு—" வேண்டாம். உடம்பைப் பற்றித் தத்துவம் பேசுகிறவனுக்கு மூத்திரம் தாராளமாகப் போகிறது என்று அர்த்தம்.

"ஆஸ்பத்திரியின் வெண்ணிறச் சுவர்கள்—" எங்கே வெள்ளை? இடுப்புயரம்வரை பச்சை.

சரி, நேராகவே சொல்கிறேன். தலைவருக்கு நுரையீரலில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

2

எட்டுச் சங்கங்களுக்கு அவர் தலைவர். அவற்றில் மூன்றில் வேறு உறுப்பினர்களும் உண்டு.

முதுகில் வலிமருந்து போகும் மெல்லிய குழாய். விலாவில் நீர் வடியும் குழாய். மூன்றாவது, மூத்திரக் குழாய். அதன் பை கட்டிலில் தொங்கியது. பார்க்க வந்தவர்கள் நுரையீரலை விசாரித்தபடி பையைப் பார்த்தார்கள். "அதை மூடித் தொலை," என்றார் மனைவியிடம்.

முதுகில் மருந்து போகிறவரை மூத்திரக் குழாயும் இருக்கட்டும் என்பது பெரிய டாக்டரின் வழக்கம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவர் உட்பட. வார்டு நர்ஸ் கேட்டாள்.

"நாளாக ஆகக் கிருமி ஏறும் சார். மருந்து நெஞ்சுப் பக்கம்தானே மரத்துப்போக வைக்குது? முக்கால்வாசிப் பேருக்குத் தானாப் போயிடும்."

"எடு. மத்தியானம் ஒரு மணிக்குள்ள போகலேன்னா திரும்பப் போடு. அப்புறம் இந்த வார்டுல இந்தப் பேச்சே கூடாது."

காலை ஏழுக்கு எடுத்தாள்.

(இவ்வளவு நல்ல நர்ஸ் கதையில்தான் இருப்பாள் என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. ஆகவே சேர்க்கிறேன்: காலையில் துப்புரவுக்காரம்மாவை அநியாயமாகத் திட்டியிருந்தாள்.)

3

பதினொன்றரை. வரவில்லை. சத்தம் கேட்டால் வரும் என்று மனைவி பாத்ரூம் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

"தண்ணியை ஏன் வீணாக்கறே?"

"உங்களுக்கும் சேர்த்து அதாவது போகட்டுமே. நின்னு பாருங்களேன், நான் பிடிச்சுக்கறேன்."

"நீ வெளியே போ."

நாற்பது வருஷத்தில் அவள் எதிரே சட்டையில்லாமல்கூட உட்காராதவர்.

பன்னிரண்டரைக்கு நர்ஸிடம் யூரின் கேனை நீட்டினார். "இருநூறு மில்லி. எழுதிக்கம்மா."

வாங்கியவளின் கை நின்றது. கேன் சில்லென்றிருந்தது. மேஜைமேல் குடிதண்ணீர் பாட்டில் அந்த அளவுக்குக் குறைந்திருந்தது. ஸ்கேன் கருவியை அடிவயிற்றில் வைத்துப் பார்த்தாள். உள்ளே ஐந்நூறு.

"இதை நம்பி எழுதியிருந்தா சாயந்திரம்வரை விட்டிருப்பேன் ஐயா. அளவுக்கு மேல ரொம்பிட்டா மூத்திரப்பை சுருங்கவே மறந்துடும். அப்புறம் எத்தனை நாள் டியூபோட கிடப்பீங்களோ."

"திரும்பப் போட்டுடாதேம்மா."

அந்தக் குரலில் எந்தச் சங்கமும் இல்லை.

"ஒரு மணிவரைக்கும் டைம் இருக்கு," என்றாள். "நின்னு பாருங்க. தனியா நிக்கக்கூடாது."

4

பெரிய டாக்டருக்குப் பிடித்த முடிவு: டியூப் திரும்ப ஏறுகிறது, "நான் அப்பவே சொன்னேன்." நர்ஸுக்குப் பிடித்த முடிவு: கேனில் சத்தம், வார்டின் வழக்கமே மாறுகிறது. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் தலைவர் யாருடைய வாதத்துக்கோ சாட்சியாக நிற்கிறார், அவ்வளவுதான். கிழித்தேன்.

நடந்தது இது. நர்ஸ் திரையை இழுத்துவிட்டு வெளியே வந்தாள். மனைவியும் பழக்கப்படி கிளம்பினாள்.

"போகாதே," என்றார். "பிடிச்சுக்க."

அவர் கைக்கடியில் தோளைக் கொடுத்தாள். "வெயிட்டை என்மேல போடுங்க. வெட்டினது உங்களைத்தான், என்னை இல்ல."

சாய்ந்தார். முழுசாக.

திரைக்கு இந்தப் பக்கம் நர்ஸ் நிற்கிறாள், நானும் நிற்கிறேன். உள்ளே நுழைய எனக்கு உரிமையில்லை. இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது. முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன். அவசரப்படுத்தாதீர்கள். ஆள் பக்கத்தில் நின்று அவசரப்படுத்தினால் வராது.