தனப்பிரியா கேட்ட ஐ5

சின்னண்ணன் கம்ப்யூட்டர் கடைக்குள் வந்ததுமே கடைக்காரன் ஜெகதீஸ்வரனுக்கு ஆளை அடையாளம் தெரிந்தது. போன வருடம் மகள் தனப்பிரியாவோடு வந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிப்போன வெண்ணந்தூர் தறிக்காரர். மகள் இறந்ததும் தெரியும். ராசிபுரம் பஸ் ஸ்டாண்டு சுவரில் அவள் முகம் போட்ட கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்துவிட்டு அவன் வேகமாக நடந்துபோயிருக்கிறான்.

சின்னண்ணன் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டுத் தாளை எடுத்து விரித்தார்.

“தம்பி, இது என்ற புள்ள எழுதினது. என்னன்னு பார்த்துச் சொல்லுங்க.”

தாளின் நடுவே ஒரு கோடு. இந்தப் பக்கம் ஐ3-3220, அந்தப் பக்கம் ஐ5-3470. இரண்டுமே கம்ப்யூட்டருக்கு மூளையான பிராசசர்கள், பத்து வருடத்துக்கு மேல் பழையவை. ஒரே நேரத்தில் வேலையைப் பங்குபோட்டுச் செய்யும் கோர் இரண்டு, நான்கு. கேஷ் மூன்று எம்பி, ஆறு எம்பி. வேகம் 3.3, 3.2 கிகாஹெர்ட்ஸ். அந்த 3.2-க்குப் பக்கத்தில் ‘தேவைப்பட்டால் 3.6’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள்.

“ரெண்டு பிராசசரை ஒப்பிட்டுப் பார்த்திருக்குதுங்கண்ணா.”

“பெரிய வித்தியாசம் இருக்குதுங்களா?”

அன்றைக்கு அவள் கேட்டது ஐ5. கல்யாண வீடியோ எடிட் செய்ய என்றாள். கடையில் ஐ3 மட்டும்தான் இருந்தது. மற்றது சேலத்திலிருந்து வர ஒரு வாரம் ஆகும், அதற்குள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். அதனால் ஜெகதீஸ்வரன் அந்த 3.3-ஐ மட்டும் காட்டி, இதில்தான் வேகம் கூட என்று சின்னண்ணனிடம் சொன்னான். அவள் ஏதோ சொல்ல வந்தாள். அப்பா கையமர்த்திவிட்டார்.

வீட்டில் அந்தக் கம்ப்யூட்டர் திணறியது. சொன்ன நாளில் வீடியோ முடியவில்லை. தன் இடத்துக்கே வந்து செய்யும்படி, வேலை கொடுத்த சேலத்து ஸ்டூடியோக்காரர் சொல்ல, தினமும் ஸ்கூட்டரில் போய்வந்தாள். ஐப்பசி மழையில் ஒருநாள் மல்லூர் பக்கத்தில் லாரி அடித்துவிட்டது.

“அப்படியொண்ணும் பெரிசா இல்லீங்கண்ணா,” என்றான் ஜெகதீஸ்வரன். “எல்லாம் ஒண்ணுதான்.” ஆறுதலுக்குச் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டான்.

சின்னண்ணன் பெருமூச்சு விட்டார். “ஊட்டுக்குப் போயி அழுதுச்சு. இது போதாதுப்பா, நான் படிச்சுப் பார்த்தேன்னுச்சு. கடை வெச்சிருக்கறவரைவிட உனக்குத் தெரியுமான்னு கத்துனேன். அப்புறம் அதப்பத்தி எங்கிட்ட வாயே தொறக்கல. பாவம், புள்ளைக்குத்தான் வெவரம் பத்தல போல.”

தாளை மடிக்கத் தொடங்கினார்.

“இருங்கண்ணா.” ஜெகதீஸ்வரன் தாளைப் பிடித்துக்கொண்டான். “உங்க புள்ள எழுதினது அத்தனையும் சரிங்க. வீடியோ வேலைக்கு அந்த நாலு கோர்தான் வேணும். அன்னைக்கே எனக்குத் தெரியும். எங்கிட்ட இல்லாததால இதத் தள்ளிவிட்டேன்.”

சின்னண்ணன் தாளை மறுபடி விரித்தார்.

“எவ்வளவு நேரம் மிச்சமாயிருக்கும்?”

“நாலு மணி நேரம் ஓடறது ரெண்டரை மணி நேரத்துல முடிஞ்சிருக்கும்.”

“அப்பொ ஊட்டுலயே செஞ்சிருக்கும்.”

அடிப்பார் என்று ஜெகதீஸ்வரன் நினைத்தான். அவர் அடிக்கவில்லை. “அவ அம்மாகிட்ட வந்து சொல்லுங்க. எனக்கு வாய் வராது,” என்றார்.

ஷட்டரை இறக்கிவிட்டு, அவர் வண்டிக்குப் பின்னாலேயே தன் பைக்கில் போனான். வெண்ணந்தூர் வீட்டில் அவர் மனைவி மஞ்சுளா விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலில் ஜெகதீஸ்வரன் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. பாதியில் அவர் தறியை நிறுத்தினார். எல்லாவற்றையும் முதலிலிருந்து, தாழ்ந்த குரலில் திரும்பச் சொன்னான்.

“எம்புள்ள சொன்னது சரிதானுங்களா?”

“சரிதானுங்க. தப்பு என்ற மேலதானுங்க.”

மஞ்சுளா அவனைப் பார்க்கவில்லை. வாசல்படியில் குந்தியிருந்த கணவனைப் பார்த்தார்.

“இவரு யாரோ. நீங்க பெத்தவரு. அவ பேச்ச ஒருதடவ கேட்டிருக்கலாமே.”

மஞ்சுளா திரும்பி சுவிட்சைப் போட்டார். தறி ஓடத் தொடங்கியது. போ என்றோ இரு என்றோ யாரும் சொல்லாததால், ஜெகதீஸ்வரன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வெளியே வந்தான்.