ஏசாவும் லொவீனாவும் ஒரே வரிசையில்

வெர்மான்ட் மலையில் அன்று கொட்டிய பனியில் ஊர்க்கூடத்துக்குப் பாதிப் பேர்தான் வந்தார்கள். ஆட்டத்தின் அடிகளைக் கூவிச் சொல்லி ஆடவைக்கிற வெண்டல் வந்த தலைகளை இரண்டு தடவை எண்ணினார். ஏசாவை ஒரு வரிசையிலும் லொவீனாவை மறுவரிசையிலும் நிறுத்திப் பல வருடமாகச் சமாளித்தவர் அவர். இன்று ஒரே வரிசைக்குத்தான் ஆள்.

பக்கத்துப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள். லொவீனாவின் கிடா ஏசாவின் கல்சுவரைத் தாண்டிக் காலை முறித்துக்கொண்டதில் வந்த பகை. போன மாதம் இருவரும் கூடத்து வாசலில் நின்று கத்தியதில் இரண்டு ஜன்னல் கண்ணாடிகள் விரிசல் விட்டன. மூன்றாவது ஏற்கெனவே விரிசல் விட்டிருந்ததால் கணக்கில் சேரவில்லை.

கூடத்துப் பொறுப்பாளர் டார்க்கஸ் அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "இன்னிக்குச் சண்டை வந்துச்சோ, பனி உருகுற வரைக்கும் இங்க ஆட்டம் கிடையாது வெண்டல். பூட்டிருவேன்."

ஆட்டமில்லாத குளிர்காலத்தில் அந்த மலைக்காரர்கள் பசுமாட்டோடு விவாதம் செய்யத் தொடங்கிவிடுவார்கள். பெரும்பாலும் பசுதான் ஜெயிக்கும்.

சுற்றுக்குச் சுற்று ஜோடிகள் ஓரிடம் மேலோ கீழோ நகர்ந்து, புது ஜோடியோடு ஆடுகிற ஆட்டம் அது. வெண்டல் ஏசாவை வரிசையின் முதலிலும் லொவீனாவைக் கடைசியிலும் நிறுத்தினார். பாட்டில்லாமல் ஒருமுறை எல்லோரையும் நடக்கவைத்தார். பிறகு பிடில்காரன் ஜீனஸின் காதில் சொன்னார்: "மச்சான், அதுக ரெண்டும் நெருங்குறப்போ காலைத் தூக்குவேன். அந்தச் சுத்தோட நிறுத்திரு. என் காலையே பாத்துட்டிரு."

"உன் காலைப் பாக்கவா ஆண்டவன் எனக்குக் கண்ணு குடுத்தான்?"

பிடில் கிளம்பியது. வெண்டல் தாளத்துக்கு ஒரு அடி முன்னதாகவே கூவிக்கொண்டு போனார். ஏசா இறங்கி வந்தார், லொவீனா ஏறி வந்தாள். வெண்டல் காலைத் தூக்கினார். ஜீனஸ் வாசிக்கிறபோது வழக்கம்போல் கண்ணை மூடியிருந்தான். ஒருமுறை கூரை உத்தரம் பக்கத்தில் விழுந்தபோதும் அவன் திறக்கவில்லை. உத்தரம் தாளம் தப்பி விழுந்தது என்று மட்டும் குறைபட்டான்.

இருவரும் எதிரெதிரே வந்துவிட்டார்கள்.

"எதிர்ல நிக்கிறவங்களப் பிடிச்சுச் சுத்து!" பழக்கதோஷத்தில் வெண்டலின் வாய் கூவிவிட்டது.

எதிரில் வருகிறவரை மறுப்பது அந்த ஊரில் கொலைக்கு அடுத்த குற்றம். பிடித்தார்கள். ஏசா விட்டத்தைப் பார்த்தார், லொவீனா சுவரைப் பார்த்தாள். பார்வை நிலைகொள்ளாமல் சுழன்றால் தலை கிறுகிறுக்கும். இருவரும் கனலும் அடுப்புப் பக்கம் சாய்ந்தார்கள்.

"கண்ணப் பாருங்க! கண்ணப் பாத்துச் சுத்தலேன்னா விழுந்துருவீங்க!"

புதியவர்களுக்கு வெண்டல் சொல்கிற பாடம்தான். பார்த்தார்கள். நிமிர்ந்தார்கள். சுழன்ற வேகத்தில் புகைபோக்கி மறுநாள் வரை புகையை நன்றாக இழுத்தது.

"உன் கிடாவுக்குக் கால் சரியாச்சா?" என்றார் ஏசா.

"செத்துப்போச்சு. வேகவெச்சுத் தின்னுட்டோம்."

"கறி எப்படி?"

"உன் சுவரைக் கடிச்ச மாதிரி இருந்துச்சு. ஒரு பல்லு போச்சு."

ஏசா வெடித்துச் சிரித்தார். லொவீனாவும் பல் போன இடம் தெரியச் சிரித்தாள். அடுத்த ஜோடி கை நீட்டிக் காத்திருந்தது.

வெண்டல் அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டார். பக்கத்து விளக்கு அணைந்தது. டார்க்கஸ் அம்மாள் திட்டாமல் அதை ஏற்றிவைத்து, "அடுத்ததைக் கூவுய்யா" என்றாள்.

வெண்டல் தொண்டையைச் செருமினார். "யார் எங்க வேணும்னாலும் நில்லுங்க!"