முடிச்சிட்டு வரட்டும்

குச்சவெளியிலிருந்து வந்திருந்த பெரியம்மா சவப்பெட்டிக்கு மேலாகக் கையை நீட்டி றீற்றாவின் கையைப் பிடித்தாள். மற்றக் கையிலிருந்த லேஞ்சியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்து, இரகசியம் போலக் கேட்டாள்.

"பாஸாமே பிள்ளை?"

இருவருடைய கைகளுக்கும் கீழே றீற்றாவின் அப்பா லெஸ்லி படுத்திருந்தார். வெள்ளைக் கையுறை, வெள்ளைக் காலுறை, விரல்களில் செபமாலை. முகத்தில் அவருடைய நிறத்துக்குப் பொருந்தாத பவுடர்.

"ஓம்" என்றாள் றீற்றா.

"மனுசன் இருந்து பார்க்கக் குடுத்துவைக்கேல்ல. சரி, அவர் நினைச்சது நடந்துதுதானே. மாஸ்டர்ஸ் எண்டா லேசுப்பட்ட விசயமே? அழாத."

றீற்றா அழவில்லை. விடிய வந்து இறங்கியதிலிருந்து அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அதைப் பார்த்துச் சிலர் 'பிள்ளை விறைச்சுப்போச்சு' என்றார்கள். அவள் விறைத்துப்போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் எல்லோரும் ஒரே மூச்சில் அனுதாபமும் சொன்னார்கள், பாராட்டும் சொன்னார்கள். பட்டமளிப்பு எப்போது என்றுகூட ஒருவர் கேட்டார். வாசலில் கட்டியிருந்த பெரிய பனரில் அப்பாவின் படத்துக்குக் கீழே பிள்ளைகளின் பெயர்கள் இருந்தன. அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் 'முதுகல்விமாணி' என்று போட்டிருந்தார்கள். பனர் அடிக்கக் கொடுத்தது புதன்கிழமை இரவு. அவள் கொழும்பில் பரீட்சகர்களுக்கு முன்னால் போய் இருந்தது வியாழக்கிழமை காலை. அவர்கள் பட்டம் கொடுக்க முன்னரே லிங்கநகர் அச்சுக்கடை கொடுத்துவிட்டது.

அவளுக்கு விசயம் தெரியவந்த விதம் இதுதான். கொழும்பு பஸ்ஸில் வந்து இறங்கி, ஓட்டோ பிடித்து, மடியில் கேக் பெட்டியை வைத்துக்கொண்டு வந்தாள். அப்பாவுக்குப் பிடித்த ரிபன் கேக். ஒழுங்கை முகப்பில் வெள்ளைக்கொடி கட்டியிருந்தது. தொங்கவிட்டிருந்த குருத்தோலையை, ஊருக்குள் ஆடுமாடு போலத் திரியும் மான்களில் ஒன்று எட்டி எட்டி இழுத்துக்கொண்டு நின்றது.

"ஆற்ற செத்தவீடு தம்பி?"

"போர்ட்டில வேலை செய்த லெஸ்லி ஐயா. இழுவைப் போட் எஞ்சின் பார்த்தவர். முந்தநாள் பின்னேரம் முடிஞ்சுதாம். மகள் ஏதோ படிப்பெண்டு கொழும்பில நிக்கிறாவாம், அவவுக்காகத்தான் இண்டுவரைக்கும் வைச்சிருக்கினம்." ஓட்டோக்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "நீங்கள் எந்த வீட்டுக்கு அக்கா?"

அவள் பனர் கட்டியிருந்த வாசலை விரலால் காட்டினாள். இறங்கும்போது அந்த மனுசன் காசும் வாங்கவில்லை.

நேற்று முழுதும் அவள் வீட்டுக்குப் போன் எடுத்துக்கொண்டுதான் இருந்தாள். தம்பி அஞ்சலோதான் ஒவ்வொரு முறையும் எடுத்தான். "அப்பா நித்திரை அக்கா." எப்போது எடுத்தாலும் நித்திரை. "எழும்பினோண்ண சொல்லு, மகள் பாஸ் எண்டு." "சொல்லுறன்." அப்படிச் சொன்னபோது அவன் குரல் அசையவேயில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பகல் முழுதும் அஞ்சலோ அவள் கண்ணில் படாமல் திரிந்தான். மலர்வளையம், பாண்ட் வாத்தியம், சேமக்காலையில் குழி, சுவாமிக்கு வாகனம். இரண்டு மணி போல, தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் வந்தபோது அகப்பட்டான். அங்கே அவனுடைய மனைவி நதீஷா தட்டில் எதையோ துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். றீற்றா கொண்டுவந்த ரிபன் கேக்.

"போர்ட் ஆக்கள் வந்திருக்கினம் மச்சாள். தேத்தண்ணியோட வைக்க ஒண்டும் இல்லை, அதுதான்..."

"வெட்டுங்கோ. அவர் சாப்பிடப்போறாரே?" றீற்றா குசினிக் கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்துகொண்டாள். "ஆஸ்பத்திரிக்கு எப்ப கொண்டு போனனீங்கள்?"

"அக்கா, பிறகு கதைப்பம். மூண்டரைக்குச் சுவாமி வாறார்."

"எப்ப?"

"திங்கக்கிழமை. நீங்கள் போய் அடுத்த நாள்."

"செவ்வாக்கிழமை என்னோட போனில கதைச்சவர். ஏதோ தள்ளுவண்டி உருளுற சத்தம். என்னப்பா சத்தம் எண்டு கேட்டனான். ரீவி எண்டவர். குறைச்சு வையுங்கோ, செவிடாப் போவீங்கள் எண்டு ஏசினனான்." அவள் அவனுடைய முகத்தையே பார்த்தாள். "நீ பக்கத்தில நிண்டனியோ?"

அஞ்சலோ தண்ணீர்க் கோப்பையை மேசையில் வைத்தான். "போனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். அவருக்குக் கை ஏலாது."

நதீஷா கேக் வெட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"மூண்டு நாள் உயிரோட கிடந்திருக்கிறார். கதைச்சிருக்கிறார். ஒரு பஸ் ஏறினா விடியமுதல் வந்திருப்பன். எல்லாரும் சேர்ந்து என்னை வைச்சு நாடகம் ஆடியிருக்கிறியள்."

"நாங்கள் ஆடேல்ல!" அவன் குரலும் உயர்ந்துவிட்டது. "அப்பா சொன்னவர். அப்பா! 'அவளுக்குச் சொல்லாத. முடிச்சிட்டு வரட்டும். போனமுறை என்ர கண் ஒப்பரேசனுக்கெண்டு சோதனையை விட்டவள், இந்த முறையும் வந்தாளெண்டா திரும்பிப் போகமாட்டாள்.' அம்மாவில சத்தியம் வாங்கினவர் அக்கா. நான் என்ன செய்யிறது? சாகக் கிடக்கிற மனுசனோட சண்டை பிடிக்கிறதே?"

"பிடிச்சிருக்க வேணும்" என்றாள். ஆனால் குரலில் முந்திய வேகம் இல்லை.

தம்பிக்கென்று விடியற்காலையிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்த சொற்கள் எல்லாம் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டன. அவற்றைக் கேட்க வேண்டிய ஆள் கூடத்தில் கையைக் கூப்பிக்கொண்டு படுத்திருந்தார். அவரை எழுப்பி உட்காரவைத்து ஏச முடியாது. அவருக்கென்ன, சொல்லவேண்டியதைச் சொல்லி, செய்யவேண்டியதைச் செய்துவிட்டு, பவுடரும் பூசிக்கொண்டு தப்பிவிட்டார்.

வேறு யாராவது இதைச் செய்திருந்தால் அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அம்மா செத்தபோது றீற்றாவுக்கு ஐந்து வயது. அஞ்சலோ கைக்குழந்தை. வீடு நிறைய வந்திருந்த பெண்கள், அம்மா நித்திரை, சத்தம் போடாத, போய் விளையாடு என்று அவளை விரட்டிக்கொண்டேயிருந்தார்கள். வேலை உடுப்போடு வந்த அப்பாதான் அவளைத் தூக்கிக்கொண்டு கிட்டப் போனார். அவளுடைய உள்ளங்கையைப் பிடித்து அம்மாவின் நெற்றியில் வைத்தார். அவர் கையில் எஞ்சின் ஒயில் மணத்தது. "குளிருது, என்ன? அம்மா செத்துப்போனா. இனி எழும்பமாட்டா. அழவேணும் எண்டா அழு, நானும் அழப்போறன்." அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் யார் எதைச் சொன்னாலும், சரிதானா என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டால் போதும் என்ற தைரியம் அவளுக்கு வந்துவிட்டது.

அந்த நெற்றியிலிருந்துதான் அவளுடைய ஆய்வே தொடங்கியது. கோயில் முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டு, வார இறுதிகளில் முன்பிள்ளைப்பருவக் கல்வி படிக்கப் போனாள். இருட்டோடு பஸ் நிலையத்துக்குச் சைக்கிளில் கொண்டுபோய் விடுவது அப்பாவின் வேலை. சின்னப் பிள்ளைகளுக்குச் சாவை எப்படிச் சொல்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டாள். கடலில் போய்த் திரும்பாத ஒருவருடைய மகனிடம், அப்பா கட்டாருக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லியிருந்தார்கள். அவன் பள்ளிக்கூட வாசலில் வான் சத்தம் கேட்கும் நேரமெல்லாம் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பான். அதை எழுதிய இரவு அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். "பொய் சொன்ன ஆக்கள் நல்லா நித்திரை கொள்ளுவினம், பெடியன் நிண்டுகொண்டே இருப்பான்" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே எழுந்து போனார்.

அப்படிச் சொன்ன மனுசன்.

வியாழக்கிழமை வைவாவில், பரீட்சகர்களில் ஒருவரான அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "எழுதுறது சுகம் மிஸ். உங்கட சொந்த வீட்டில இப்பிடி ஒண்டு நடந்தா?" றீற்றா சிரித்தாள். "எங்கட வீட்டில அந்தப் பிரச்சினை இல்லை மேடம். எங்கட அப்பா சாவு விசயத்தில பொய் சொல்லமாட்டார்." அந்த அம்மையாரும் சிரித்தார். நீங்கள் அதிர்ஷ்டசாலி என்றார். அந்த நேரத்தில் இங்கே மலர்ச்சாலைக்காரன் அப்பாவுக்கு ரை கட்டிக்கொண்டிருந்திருப்பான். படித்து முடித்ததைப் பற்றி இனி யார் கேட்டாலும் அவளுக்கு அந்தச் சிரிப்புத்தான் ஞாபகம் வரும்.

"ஜெசிகா எங்க?" என்று திடீரென்று கேட்டாள். தம்பியின் நான்கு வயது மகளைக் காலையிலிருந்து காணவில்லை.

"பின்வீட்டில, பல்கீஸக்காட்ட" என்றாள் நதீஷா. பிறகு சொல்லத் தயங்கியபடியே சொன்னாள். "அப்பப்பா நித்திரை எண்டு சொல்லி வைச்சிருக்கிறம்."

றீற்றா கதவைத் திறந்துகொண்டு பின்பக்கமாக இறங்கிப் போனாள்.

பல்கீஸ் வீட்டு முன்னறையில் ஜெசிகா கதிரையின் நுனியில் நிமிர்ந்து இருந்தாள். கண்ணிரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. இமைக்கக்கூடப் பயந்ததுபோல அவற்றை அகலத் திறந்து வைத்திருந்தாள். முன்னால் ஒரு தட்டில் இடியப்பம் காய்ந்துகிடந்தது.

"வா புள்ள" என்று பல்கீஸ் றீற்றாவை உள்ளே இழுத்துத் தாழ்ந்த குரலில் சொன்னாள். "நேத்து ராவு முழுக்கக் கண்ண மூடல்ல. கொஞ்சம் சரிஞ்சா பதறி எழும்பிக் குந்துறா. வேலிக்குள்ளால பெட்டி கொண்டுவாறதக் கண்டுட்டா போல. 'அப்பப்பா நித்திரை கொண்டவர், பெட்டிக்க வெச்சிட்டாங்க. நான் நித்திரை கொண்டா என்னையும் வெப்பாங்க' எண்டு சொல்றா. நான் என்னத்தச் சொல்ல? பெத்ததுகள் ஒண்டு சொல்லி அனுப்பியிருக்கக்குள்ள நான் வேற கதை சொல்லலாமா?"

றீற்றா குனிந்தாள். பிள்ளை அவளைப் பார்த்ததும், "மாமி, நான் நித்திரை இல்லை. பாருங்கோ, முழிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்" என்றது.

றீற்றா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். பல்கீஸ் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் வந்தாள். கூடத்து வாசலில் அஞ்சலோ இரண்டு கையாலும் நிலையைப் பிடித்து மறித்தான்.

"அக்கா, வேண்டாம். சின்னப் பிள்ளை. பயந்திடும்."

"பயந்துபோய்த்தான் இருக்குது. ராமுழுக்க நித்திரையில்லை. உனக்குப் பார்க்க நேரமில்லை."

"நீங்கள் படிச்சதை என்ர பிள்ளையில செய்து பார்க்க வேண்டாம்!"

கூடத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

"படிச்சதில்லையடா" என்றாள் றீற்றா. "உனக்குத் தெரியாது, நீ தொட்டில்ல கிடந்தனி."

நதீஷா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மகளுடைய கண்களைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே புருசனுடைய ஒரு கையை நிலையிலிருந்து எடுத்துவிட்டாள். "விடுங்கோ. கொண்டு போகட்டும்."

பெட்டிக்குப் பக்கத்தில் போனதும் பிள்ளை றீற்றாவின் கழுத்தை இறுக்கிப் பிடித்தது. றீற்றா அவசரப்படவில்லை. பிள்ளையாகக் கையை நீட்டும்வரை நின்றாள். பிறகு அந்தச் சின்ன உள்ளங்கையைப் பிடித்து அப்பாவின் நெற்றியில் வைத்தாள்.

"குளிருது" என்றது பிள்ளை.

"ஓம். அப்பப்பா நித்திரை இல்லை. செத்துப்போனார். நித்திரை கொண்ட ஆக்கள் எழும்புவினம். செத்த ஆக்கள் எழும்பமாட்டினம். அதாலதான் பெட்டி."

"யேசுவே, இதென்ன கதை பிள்ளைக்கு" என்றாள் பெரியம்மா. யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்ப நான் நித்திரை கொண்டா?"

"நீ எழும்புவாய்."

"பெட்டிக்குள்ள வைக்கமாட்டினமோ?"

"மாட்டினம். நான் பக்கத்தில இருக்கிறன்."

பிள்ளை யோசித்தது. கையை எடுத்துப் பார்த்துவிட்டு, இன்னொருமுறை தானாகவே நெற்றியைத் தொட்டது. பவுடர் விரலில் ஒட்டிக்கொண்டது.

"உங்களுக்கு ஆர் மாமி சொன்னது, செத்துப்போனார் எண்டு? அப்பப்பா சொன்னவரோ?"

றீற்றா பெட்டிக்குள் பார்த்தாள்.

"இல்லை" என்றாள். "ஓட்டோக்காரர் சொன்னவர்."

சுவரோரமாகக் கிடந்த கதிரையில் போய் இருந்தாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். நின்றுபோன செபமாலை மறுபடி தொடங்கியது. ஐந்தாறு அருள்நிறைந்த மரியே முடிய முன்னரே பிள்ளையின் தலை கனத்தது. கண் ஒருமுறை திறந்து, மாமியைப் பார்த்து, மூடிக்கொண்டது. பிறகு திறக்கவில்லை.

சுவாமி வந்தார். தீர்த்தம் தெளித்துச் செபம் சொன்னார். துறைமுகத்துப் பழைய கூட்டாளிகள் ஒருவர் பின் ஒருவராக வந்து பெட்டியின் விளிம்பைத் தட்டிவிட்டுப் போனார்கள். நதீஷா குனிந்து மாமனாரின் நெற்றியில் முத்தமிட்டாள். பெரியம்மா விழுந்து அழுதாள். அஞ்சலோ முத்தமிட்டு எழும்பியபோது அவன் முகம் முழுதும் நனைந்திருந்தது. அவன் கதிரைக்குக் கிட்ட வந்தான்.

"அக்கா, வாங்கோ. மூடப்போகினம்."

றீற்றா அசையவில்லை.

பல்கீஸ் இரண்டு கைகளையும் நீட்டினாள். "தா புள்ள, நான் வெச்சிருக்கன். நீ போய் வாப்பாவக் கடைசியா ஒருக்காக் கொஞ்சிட்டு வா."

"வேண்டாம்" என்றாள் றீற்றா. "எழும்பிடுவாள்."

அஞ்சலோ மகளைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், பிறகு மலர்ச்சாலைக்காரனுக்குத் தலையசைத்தான். மூடியைத் தூக்கி வைத்தார்கள். முதலாவது திருகாணி மரத்துக்குள் கிறீச்சிட்டு இறங்கத் தொடங்கியது. றீற்றா உள்ளங்கையைக் குவித்துப் பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டாள்.