ஜன்னலோரப் பாசி

அடுப்படியில கண்ணாடி பாட்டில் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிற சத்தம் கேட்டுச்சு. புருஷன் தலைமாட்டுல உட்கார்ந்திருந்தவ அப்படியே எழுந்து ஓடினா. விடிகாலைல அவர் உயிர் போனதுலேர்ந்து கல்லு மாதிரி இருந்தவ, கால் தடுக்கத் தடுக்க ஓடுறா. ஹால்ல யாருக்கும் ஒண்ணும் புரியல.

அடுப்புல பெரிய பாத்திரம். அதுக்குள்ள அவரோட பாட்டில் எல்லாம் தளதளன்னு கொதிக்குது. பக்கத்துல நாத்தனார், அவருக்கு மூத்தவ, கண்ணைத் துடைச்சுக்கிட்டு நிக்கிறா.

"அண்ணி, இதுல இருந்த பச்சைத் தண்ணி?"

"சிங்க்ல கொட்டிட்டேம்மா. தம்பிக்கு அழுக்கு பாட்டில் ஆகாதே! சின்ன வயசுல என்னைப் பாடாப் படுத்துவான். 'அக்கா, கழுவினா பத்தாது, கொதிக்க வைக்கணும்'பான். கடைசியா ஒரு தடவை அவன் சொன்ன மாதிரியே..."

இவளை என்னன்னு திட்டுறது?

காலம்பூரா குளம் குட்டைன்னு பாசி பின்னாடியே அலைஞ்ச மனுஷன் அவர். காலேஜ்ல பேரே 'பாசி சார்'தான். கல்யாணத்துக்குப் போனாக்கூட, "சார், எங்க வீட்டு டேங்க்ல பாசி புடிச்சிருக்கு, என்ன போட்டாப் போகும்?"னு கேப்பாங்களே தவிர, வேற ஒரு கேள்வி யாரும் கேட்டதில்ல. ரிட்டயராகுற சமயத்துல ஒரு குளத்துல புதுசா ஒண்ணு கிடைச்சது. யாருமே பாக்காத பாசி. பெரிய ஆளுங்க நம்பல. "உயிரோட கொண்டாங்க, பாப்போம்"னுட்டாங்க. அதுக்குள்ள குளத்தை மூடி மேல கடை கட்டியாச்சு. மிச்சம் இருந்தது ஜன்னலோரத்து பாட்டில்ங்கதான். நாளைக்கு அவர்கிட்ட படிச்ச பொண்ணு வந்து எடுத்துட்டுப் போகணும்.

"அவ வர்றவரைக்கும் பாத்துக்கோ." நேத்து அவர் கடைசியாப் பேசினது அதுதான்.

சிங்க்ல விரலை விட்டுத் தடவினா. பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கைத் துளைச்சுது.

நேத்து சாயங்காலம் பாட்டிலை நானே சுத்திக் குலுக்கி வைப்பேன்னு அடம் புடிச்சு, கை நடுங்கி, பாதித் தண்ணிய கையிலயும் போர்வையிலயும் கொட்டிக்கிட்டாரே! போர்வை? அதை அவளேதான் சோப்புத் தண்ணில ஊற வெச்சிருந்தா.

ஹாலுக்கு ஓடினா. அவளோட அண்ணன் வாளியும் துணியுமா உடம்பத் துடைக்கக் குனிஞ்சிருந்தார்.

"அந்தக் கையத் தொடாதீங்க!"

"என்னம்மா இது? வெளில வண்டி வந்து நிக்குது..."

"நிக்கட்டும்."

குடிக்கறதுக்குக் காய்ச்சி ஆற வெச்சிருந்த தண்ணிய ஒரு கண்ணாடி டம்ளர்ல கொண்டு வந்தா. வெறைச்சுப் போன விரலை ஒண்ணொண்ணா அதுல முக்கினா. கட்டை விரல் நகத்தடியில லேசா பச்சை. பாசியா, செத்த நகத்தோட நிறமான்னு தெரியல. ஊசி முனையால சுரண்டினா. ஒரு கையில ஊசி, ஒரு கையில அவர் விரல்; டம்ளர் ஆடுச்சு. நாத்தனார் வந்து ரெண்டு கையாலயும் டம்ளரைப் புடிச்சுக்கிட்டா.

எல்லாம் முடிஞ்சு வீடு காலியாச்சு. ஜன்னல்ல கொஞ்சம் வெயில் பாக்கி இருந்துச்சு.

"பாசி வளருமான்னு எப்பம்மா தெரியும்?"னு நாத்தனார் கேட்டா.

அவ டம்ளரை வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாத்தா. தண்ணி தெளிவா இருந்துச்சு. அவர் பண்ற மாதிரியே மெதுவா ஒரு சுத்து சுத்தி, பாட்டில் இருந்த இடத்துல வெச்சா.