கறார் விட்ட குறியீடு

கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறையில் அவளுக்கு வேலை. மேலே மூன்றாம் தளத்தில் கீமோ ஏற்றிக்கொண்டு போகிறவர்களின் ஒவ்வொரு வருகையையும் குறியீடுகளாக மாற்றி இன்சூரன்ஸுக்கு அனுப்ப வேண்டும். நோய்க்கு ஒரு குறியீடு, மருந்துக்கு ஒன்று. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மருந்துக்கு அனுமதி கிடையாது.

சொந்தக்காரர் கோப்பை யாரும் தொடக்கூடாது என்பது அந்த அறையின் சட்டம். அதனால் அவள் கணவனின் கோப்பு பக்கத்து மேசைக்குப் போனது. அங்கே இருப்பவளைக் 'கறார்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். டாக்டர் ஒரு வார்த்தை விட்டிருந்தாலும் போன் போட்டு உயிரை வாங்கிவிடுவாள். அவள் கையால் போன கோப்பு மறுக்கப்பட்டுத் திரும்பி வந்ததே இல்லை.

அன்று காலை கணவன் மேலேயிருந்து போன் செய்தான். ஊசி குத்தி உட்கார வைத்துவிட்டார்களாம், மருந்து மட்டும் வரவில்லையாம். இன்சூரன்ஸ் மறுத்துவிட்டதாம்.

"உங்க ஆளுங்கதான் ஏதோ கோட்டை விட்டுட்டாங்கன்னு நர்ஸ் சொல்றாங்க. கொஞ்சம் பாரேன். பக்கத்து நாற்காலிக்காரர் குறட்டை வேற தாங்கல."

அவள் நாற்காலியைத் திருப்பினாள். கறாரின் திரையில் மறுப்புக் கடிதம் திறந்தே கிடந்தது. கொடுத்த நோய்க்கு இந்த மருந்து பொருந்தாது என்று ஒற்றை வரி. கீழே மருந்தின் பெயர். புது மருந்து. போன மாதம் வரை வேறு ஒன்றுதான் ஏற்றினார்கள். இது லேசாக இருக்கும் என்று டாக்டர் மாற்றியிருக்கிறார் என்று அவன் வீட்டில் சொல்லியிருந்தான். அவளும் சந்தோஷப்பட்டாள்.

ஆனால் இந்தப் பெயர் அவள் விரல்களுக்குப் பழக்கம். எத்தனையோ பேருடைய கோப்பில் இதைப் போட்டிருக்கிறாள். போடும்போதெல்லாம் அதோடு இன்னொரு குறியீட்டையும் சேர்த்துப் போட்டிருக்கிறாள். நோய் எலும்புக்குப் பரவிவிட்டது என்கிற குறியீடு. அது இல்லாமல் இந்த மருந்தை யாருக்கும் தருவதில்லை.

கறார் தவறு செய்கிறவள் இல்லை.

"நீ மறந்துட்டியா?" என்றாள், மறக்கவில்லை என்று தெரிந்துகொண்டே.

கறார் திரையைப் பார்த்தபடியே பேசினாள். "டாக்டர் குறிப்புல இருந்துச்சுக்கா. உங்ககிட்ட இப்ப சொல்ல வேண்டாம்னு உங்க வீட்டுக்காரரே கேட்டுக்கிட்டாருன்னும் இருந்துச்சு. மாசக்கடைசி சரிபார்ப்புப் பட்டியல் மொத்தமும் உங்க மேசைக்குத்தானே வரும். அதுல நீங்க பாத்துடக்கூடாதுன்னு... அந்தக் கோட் இல்லாமலே அனுமதி கிடைச்சுடும்னு நெனச்சேன். என்னைச் செருப்பால அடிக்கணும்."

அறையில் விசைப்பலகைகளின் சத்தம் மழைபோல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. யாருடைய உடம்பில் எது எங்கே பரவியிருக்கிறது என்பதுதான் அத்தனையும். தன் விரல்களும் தினமும் அந்த மழையில் இருந்தவைதான் என்று அவளுக்குத் தோன்றியது.

"போடு," என்றாள்.

"அக்கா..."

"ஊசியோட உக்காந்திருக்காரு. போடுடி."

கறார் போட்டாள். அவ்வளவுதான், ஆறேழு எழுத்து. அனுமதி சீக்கிரமே வந்துவிட்டது. இன்சூரன்ஸுக்கு இப்போது எல்லாம் பொருந்திவிட்டது.

அவள் மாடிக்குப் போனபோது மருந்துப் பை தொங்கிக்கொண்டிருந்தது. அவன் சிரித்தான்.

"என்னவாம்?"

"ஒரு கோட் விட்டுப்போச்சாம். போட்டாச்சு."

அவன் சிரிப்பு மெல்ல இறங்கியது. "என்ன கோட்?"

"உங்க ஃபைலை நான் தொடக்கூடாதே," என்றாள்.

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் அவன்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நர்ஸ் வந்து குழாயைத் திறந்து, மருந்து தொடங்கிய நேரத்தை எழுதினாள். முடியும் நேரத்துக்கான கட்டம் காலியாக இருந்தது.

"கீழ வேலை கிடக்கும், நீ போ," என்றான் ஜன்னலைப் பார்த்தபடியே.

அவள் போகவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.