கொஞ்சம் கறாரான சைவம்

ஆட்டுத் தொடையில் மூட்டைத் தேடிக் கத்தி நுனியை இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் சூப்பர் மார்க்கெட்டின் நாலாம் வரிசையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. டப்பாக்கள் சரிகிற சத்தம் அங்கே வாரத்துக்கு இரண்டு முறை கேட்கும். யாராவது தள்ளுவண்டியை இடித்துவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல நகர்ந்துவிடுவார்கள். இது அப்படியில்லை. நடுவே ஒரு மனிதக் குரல், அம்மா என்று முழுதாகச் சொல்ல முடியாமல் பாதியில் நின்றது. கறிப் பிரிவில் பத்தொன்பது வருடமாக வெட்டுகிறவர் அவர், கடையில் எல்லோருக்கும் கத்தியண்ணன். சதையில் அடி விழும் சத்தம் எது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கையில் இருந்ததைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் ஓடினார்.

நாலாம் வரிசை என்பது புழுப்பூச்சிக்கும் தீங்கு நினைக்காதவர்களின் வரிசை. சோயா பால், பாதாம் பால், முந்திரி சீஸ், கறி மாதிரியே இருந்தும் கறியில்லாத துண்டுகள். அதன் தரையில் லேபிள் மல்லாந்து கிடந்தார். அலமாரி அடுக்குகிறவர், எல்லாப் பாக்கெட்டும் முகம் காட்டி நிற்க வேண்டும் அவருக்கு, அதனால் அந்தப் பெயர். அவர் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, அலமாரியிலிருந்து பிடுங்கிய இரும்புப் பட்டையால் முகத்தில் விளாசிக்கொண்டிருந்தவர் வேறு யாருமில்லை, கத்தியண்ணனின் கூடப்பிறந்த தங்கையின் புருஷன். லாரிப் பட்டறை மெக்கானிக். உடைந்த பெட்டிகளிலிருந்து சோயா பால் வழிந்து, ரத்தத்தோடு கலந்து, தரையெல்லாம் ரோஸ் நிறமாக ஓடியது. மேனேஜர் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். வீரம் அவ்வளவுதான்.

"சைவம்னு எவன்டா எழுதினது? சொல்லுடா!" மெக்கானிக்கின் குரல் கிழிந்துபோயிருந்தது. "என் பொண்ணு உதடு நீலமா போயிடுச்சுடா. தொண்டைல குழாய் விட்டு வச்சிருக்காங்க. உன் போர்ட நம்பித்தான் வாங்கினேன்னு சொல்றா என் பொண்டாட்டி. அவளுக்குக் குடுத்த அறைல காதுல ரத்தம் வந்துச்சு. இப்ப உன் முறை."

 கத்தியண்ணனின் தங்கை மகளுக்கு ஆறு வயது. பால் ஒத்துக்காது என்றால் வயிற்று வலி, வாந்தி என்கிற ஒத்துக்காமை இல்லை; ஒரு சொட்டு உள்ளே போனால் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். அந்த வீட்டில் வாரம் தவறாமல் கறி வேகும், ஆனால் நாலாம் வரிசைதான் அவளுக்குச் சோறு போட்டது. பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் சீஸ் ரொட்டியைப் பிய்த்து நூல் இழுத்துக் காட்டுவார்களாம். மாமா, எனக்கும் நூல் வர்ற சீஸ் வேணும் என்று இவரிடம்தான் கேட்டிருந்தாள்.

அந்த வரிசையின் போர்டில் முதலில் வீகன் என்றுதான் இருந்தது, பால்கூடக் கலக்காதது என்று அர்த்தம். அப்படின்னா என்ன, அப்படின்னா என்ன என்று ஆளாளுக்குக் கேட்டு லேபிளின் உயிரை வாங்கினார்கள். "சைவம்தானப்பா, கொஞ்சம் கறாரான சைவம். சைவம்னே எழுதிப் போடு, எல்லாருக்கும் புரியும்" என்று சொன்னவர் கத்தியண்ணன். லேபிள் எழுதி ஒட்டினார். போன வாரம் புதுச் சரக்கு வந்தது: சைவ சீஸ். கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் சாற்றைச் சேர்க்காமல் பாலை உறைய வைத்தது, பால் பால்தான். பெட்டியில் சைவம், போர்டில் சைவம், லேபிள் அதையும் நாலாம் வரிசையிலேயே வைத்தார். கத்தியண்ணன் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு நேற்று தங்கை வீட்டுக்குப் போனார். எந்தப் பாக்கெட்டையும் இரண்டு தடவை படிக்காமல் பிரிக்காதவள், அண்ணன் கொண்டுவந்தது என்பதால் படிக்கவில்லை.

வாங்கினது நான்தான் என்று அவள் எதற்குச் சொன்னாள் என்று அவருக்கு உடனே புரிந்தது. அண்ணன் பெயர் வெளியே வந்தால் புருஷன் கொலைகாரன் ஆகிவிடுவான். அதற்கு, தானே அடி வாங்கிவிடலாம். இந்தக் கணக்கை அவள் நொடியில் போட்டிருக்கிறாள். அவர் இங்கே வாய் திறக்காமல் நின்றார். இரும்புப் பட்டை மறுபடி இறங்கியது, லேபிளின் கன்ன எலும்பு உள்ளே போனது. மறுபடி இறங்கியது. லேபிளின் கண் அவரைப் பார்த்தது. பார்த்தும் அந்த மனுஷன் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. மூன்றாவது அடியில் இரண்டு பற்கள் தெறித்துச் சோயா பாலில் விழுந்தன. மூன்று அடி. அந்த மூன்றையும் அவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

"மாப்பிள்ளை, விடுங்க அவர. வாங்கினது நான்."

மெக்கானிக் திரும்பினார். "தங்கச்சிக்காகப் பொய் சொல்லாதீங்க மச்சான். தள்ளிப் போங்க."

"நேத்து நீங்க குளிச்சிட்டிருந்தீங்க. ஃப்ரிட்ஜ்ல ரெண்டாவது தட்டுல நான்தான் வச்சேன். அந்தப் போர்ட எழுதச் சொன்னதும் நான்தான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

 மெக்கானிக் எழுந்த வேகத்தில் பட்டை கத்தியண்ணனின் தோளில் இறங்கியது. காறை எலும்பு முறிவது அவர் காதுக்கே கேட்டது. இரண்டாவது அடி நெற்றியைப் பிளந்தது. கண்ணில் ரத்தம் இறங்கியபோதுதான் வலது கையில் இன்னும் கத்தி இருப்பது அவருக்குத் தெரிந்தது. எதிரே இருந்த உடம்பில் எங்கே எலும்பு இல்லை, எங்கே குத்தினால் சத்தம் வராது என்று கை தானாகவே தேடியது. தங்கையின் காதில் வந்த ரத்தத்தை நினைத்ததும் கை அரை அடி முன்னால்கூடப் போனது. அந்த ஆசை அவருக்கு இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது.

"குத்துய்யா," என்றார் மெக்கானிக். சட்டையைத் தானே விலக்கிக்கொண்டார். "ஏன்யா நிக்கிற? குத்து. புண்ணியமா போகும்."

கத்தியண்ணன் விரல்களை விரித்தார். கத்தி தரையில் விழுந்து ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. மெக்கானிக் பட்டையை ஓங்கியபடியே நின்றார். பிறகு பட்டையைக் கீழே போட்டார். அப்படியே லேபிளுக்குப் பக்கத்தில் ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டர் பத்து நிமிஷம் பொறுங்கன்னாரு. என்னால அங்க நிக்க முடியல. ஓடி வந்துட்டேன்." பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். "நீங்க கேளுங்க மச்சான். இருக்காளான்னு கேளுங்க. எனக்குத் தைரியம் இல்ல."

அவர் ஒரு கையால் வாங்கினார். ரத்த விரலுக்குப் போன் மசியவில்லை. ஏப்ரனில் துடைத்துப் பார்த்தார். அதில் காலையிலிருந்து ஆட்டு ரத்தம். லேபிள் கிடந்த இடத்திலிருந்தே தன் சட்டை நுனியை, அது ஒன்றுதான் சுத்தமாக இருந்தது, இழுத்துக் கொடுத்தார். விரல் பதிந்தது. ஒரு மணி அடித்தது, இரண்டு, நான்கு. யாரோ எடுத்தார்கள். தங்கைதான், ஆனால் அவள் பேசவில்லை; மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. மூன்று பேரும் போனைச் சுற்றித் தலையைக் குனிந்துகொண்டார்கள்.